முதல் கேள்விக்குப் பிள்ளையே பதில் சொல்லட்டும்

பிரித்தானியாவில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

கோடை விடுமுறை தொடங்கியதும் ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங், குரொய்டன் என்று தமிழர் செறிந்து வாழும் பகுதிகளில் பல வீடுகளிலும் ஒரே பேச்சு. பன்னிரண்டாம் ஆண்டை முடித்த பிள்ளை யுகாஸ் விண்ணப்பத்தைத் திறந்துவிட்டது. பெயர், முகவரி, பாடசாலை, ஜி.சி.எஸ்.இ. பெறுபேறுகள் எல்லாம் ஒரு மாலைக்குள் நிரம்பிவிடும். பெர்சனல் ஸ்டேட்மென்ட் என்ற பகுதி மட்டும் வாரக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கும். "இன்னும் எழுதி முடிக்கேல்லையோ?" என்று அம்மா கேட்பார். அறைக் கதவு சாத்தப்படும். கதவுக்கு வெளியே நிற்கும் உங்களுக்காகத்தான் இந்த மடல்.

உங்களில் பெரும்பாலானோர் பிள்ளையின் வயதில் இப்படி எதையும் எழுதியிருக்க மாட்டீர்கள். இலங்கையில் கா.பொ.த. உயர்தரம் எழுதியவருக்குப் புள்ளிதான் எல்லாம். அந்தப் புள்ளியை அரசு கையாண்ட விதம் இன்னும் ஆறாத காயம். 1971இல் தரப்படுத்தல் வந்தபோது மருத்துவ பீடத்துக்குள் நுழைய, தமிழ் மொழிமூல மாணவர் 400க்கு 250 எடுக்க வேண்டியிருந்தது; சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதுமாயிருந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. 2001இலிருந்து இசட் புள்ளி. முறைகள் மாறின, ஆனால் "நீ ஏன் இதைப் படிக்க விரும்புகிறாய்?" என்று பேராதனையும் கேட்கவில்லை, கொழும்பும் கேட்கவில்லை, யாழ்ப்பாணமும் கேட்கவில்லை. வெட்டுப்புள்ளிக்கு மேலேயா கீழேயா, அவ்வளவுதான். தமிழ்நாட்டிலிருந்து வந்த பெற்றோரின் அனுபவமும் இதுதான். அங்கே பொறியியல் என்றால் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்கான கட்-ஆஃப் பேசும். மாணவர் பேச வேண்டியதில்லை. அதனால், நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒன்றரைப் பக்க எழுத்துக்கு ஏன் இத்தனை பாடுபடுகிறது என்று நீங்கள் திகைப்பதில் வியப்பில்லை.

முதலில் அது என்ன என்று பார்த்துவிடலாம். செல்ட்டனம் நகரில் இயங்கும் யுகாஸ் நிறுவனம் 1993இல் உருவானது. இளநிலைப் பட்டப்படிப்புக்கான விண்ணப்பங்களைத் திரட்டிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புவது அதன் வேலை. ஒருவர் ஐந்து இடங்களைத் தெரிவு செய்யலாம். மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் என்றால் நான்குதான். ஐந்தாவது வேறு கற்கைநெறியாக இருக்க வேண்டும். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டில் ஏதாவது ஒன்றுக்குத்தான் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க முடியும். இந்த ஐந்து இடங்களுக்கும் போவது ஒரே பெர்சனல் ஸ்டேட்மென்ட். அதன் மொத்த நீளம் இடைவெளிகளையும் சேர்த்து 4,000 எழுத்துகள். ஆங்கிலத்தில் ஏறத்தாழ 600, 650 சொற்கள்.

பல்லாண்டுகளாக அது ஒரே தொடர் கட்டுரையாக இருந்தது. தலைப்பும் இல்லை, வழிகாட்டும் கேள்வியும் இல்லை. மூத்த பிள்ளைக்கு அப்படித்தான் இருந்தது என்றால் இளையவருக்கு அப்படி இல்லை. 2026இல் படிப்பைத் தொடங்குவோருக்கான விண்ணப்பத்திலிருந்து யுகாஸ் அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டது. இந்தக் கற்கைநெறியை அல்லது பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள்? உங்கள் கல்வியும் தகைமைகளும் அதற்கு உங்களை எப்படித் தயார்ப்படுத்தின? கல்விக்கு வெளியே வேறு என்ன செய்து தயாரானீர்கள், அந்த அனுபவங்கள் ஏன் பயனுள்ளவை? ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்துகள். மிச்சத்தை எப்படிப் பங்கிடுவது என்பது விண்ணப்பதாரியின் விருப்பம்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஜோன்ஸ் சட்டன் டிரஸ்ட் அமைப்புக்காகச் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஒரே பல்கலைக்கழகத் துறைக்கு, ஒரே தரத்து ஏ லெவல் பெறுபேறுகளோடு விண்ணப்பித்த 309 பேரின் எழுத்துகளை அவர் ஒப்பிட்டார். பெறுபேறு ஒன்றாக இருந்தும் எழுத்து ஒன்றாக இல்லை. கட்டணம் செலுத்திப் படிக்கும் தனியார் பாடசாலை மாணவர்களின் எழுத்தில் பிழைகள் குறைவு. அவர்கள் காட்டிய வேலை அனுபவங்களும் பெரிய இடங்களுக்கு உரியவை. அரச பாடசாலைப் பிள்ளைகள் பகுதிநேர வேலையையும் பாடசாலைச் சுற்றுலாவையும் வைத்துச் சமாளித்திருந்தார்கள். பிற்காலத்தில் யுகாஸ் விண்ணப்பதாரிகளிடமே கேட்டபோது, உதவி இல்லாமல் இதை எழுதி முடிப்பது கடினம் என்று 79 சதவீதத்தினர் சொன்னார்கள். எவர் வீட்டில் இந்த உலகம் தெரிந்தவர்கள் இருக்கிறார்களோ அவர்கள் பிள்ளைக்கே வழி தெரிந்தது. கேள்விகளை வெளிப்படையாக வைத்ததால் அந்த இடைவெளி கொஞ்சம் குறையும். முழுவதும் குறையாது. மிச்சத்தை ஈடுசெய்ய நீங்கள் செய்யக்கூடியவை இருக்கின்றன. செய்யக் கூடாதவையும் இருக்கின்றன.

செய்யக் கூடாதது எது என்பதற்கு ஒரு பழைய சம்பவமே சான்று. 2007இல் யுகாஸ் சுமார் 50,000 பெர்சனல் ஸ்டேட்மென்ட்களைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டாவது வயதில் இரசாயனப் பரிசோதனை செய்து இரவு உடுப்பில் ஓட்டை விழ எரித்துக்கொண்ட கதையை 234 பேர் எழுதியிருந்தார்கள். மனித உடல் இயங்கும் விதத்தின் மீதான வியப்பைப் பற்றிய ஒரே வசனத்தை 370 பேர். முதுமையில் நோயுற்ற தாத்தாவை 175 பேர். இணையத்தில் கிடைத்த மாதிரிகளிலிருந்து அந்த வரிகள் பரவியிருந்தன. அப்போதிலிருந்து வந்துசேரும் ஒவ்வொரு எழுத்தையும் முந்திய ஆண்டுகளின் எழுத்துகளோடும் யுகாஸ் ஒப்பிடுகிறது. அளவுக்கு மீறிய ஒற்றுமை தெரிந்தால், விண்ணப்பம் போன அத்தனை பல்கலைக்கழகங்களுக்கும் அறிவிப்புப் போகும். ஒன்றுவிட்ட அக்கா மூன்று வருடத்துக்கு முன் எழுதி இடம் பெற்ற அறிக்கையை "இதைப் பார்த்து எழுது" என்று பிள்ளையிடம் நீட்டும் வழக்கம் நம் குடும்பங்களில் நல்லெண்ணத்தோடு நடக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். அக்காவிடம் கேட்க வேண்டியது அவர் எப்படித் தயாரானார் என்பதை. அவரது வரிகள் அவரோடு இருக்கட்டும்.

பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தருபவர்கள் விஷயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றி யுகாஸ் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: யோசனைகளைத் திரட்டவும் வரிசைப்படுத்தவும் வாசிக்க எளிதாக இருக்கிறதா என்று பார்க்கவும் பாவிக்கலாம், முழுவதையோ பெரும்பகுதியையோ அதிலிருந்து எடுத்துத் தன் எழுத்தாகக் கொடுத்தால் பல்கலைக்கழகங்கள் அதை மோசடியாகக் கருதலாம். எழுதியது தனது சொந்த எழுத்து என்று விண்ணப்பதாரி உறுதிமொழி அளிக்க வேண்டியும் இருக்கிறது. பதினேழு வயதில் ஒரு பிள்ளை முதன்முதலாகத் தரும் உறுதிமொழிகளில் இது ஒன்று. அது பொய்யாக இருக்க நீங்கள் காரணமாகிவிடாதீர்கள்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். மற்ற இரண்டையும் தாங்குவது இதுதான்.

ஏன் இந்தப் பாடம்? கேள்வி பிள்ளையிடம் கேட்கப்படுகிறது. பல தமிழ் வீடுகளில் பிள்ளை பத்து வயதாக இருக்கும்போதே பதிலைப் பெரியவர்கள் சொல்லி முடித்துவிடுகிறார்கள்: டொக்டர். உங்கள் பதிலுக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றை எவரும் இலேசாக எண்ணக் கூடாது. இடம்பெயர்ந்து, அகதி விண்ணப்பம் போட்டு, ஊரில் படித்த படிப்புக்கு இங்கே மதிப்பில்லாமல் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தவர்கள் நீங்கள். எந்த நாட்டுக்கு ஓட நேர்ந்தாலும் கைவிடாத தொழில் ஒன்று பிள்ளைக்கு வேண்டும் என்று நினைப்பதில் என்ன பிழை? ஆனால் அந்த நினைப்பு உங்களுடைய காரணம். அதைப் பிள்ளை தன் காரணமாக எழுதும்போது வசனங்கள் வெளிறிப்போகின்றன. "சிறுவயதிலிருந்தே" என்று தொடங்கும் வரி அப்போதுதான் வந்து விழுகிறது. யுகாஸ் தொகுத்த மிகப் பரவலான தொடக்க வரிகளில் முதலிடத்தில் இருந்ததும் அதுவே. சிறுவயதில் பிள்ளைக்கு அந்த ஆர்வம் இருந்ததா என்று அதை வாசிப்பவருக்குத் தெரிய வழியில்லை. இன்று அந்தப் பாடத்தில் எது அந்தப் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் அவர் அறிய விரும்புகிறார்.

வாரக்கணக்கில் முயன்றும் ஒரு பிள்ளையால் முதல் கேள்விக்கு நான்கு நேர்மையான வரிகள் எழுத முடியவில்லை என்றால், அதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். தெரிவு பிழையாக இருக்கலாம். இதைச் சொல்ல இந்த மடல் தயங்கவில்லை. மருத்துவத்தில் ஐந்தாண்டு, ஆறாண்டு படித்து, அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற வேண்டிய ஒருவர், தொடங்கும் முன்பே காரணம் சொல்லத் திணறுகிறார் என்பது உங்களுக்குக் கிடைக்கும் மலிவான எச்சரிக்கை. பின்னால் வரும் எச்சரிக்கைகளுக்கு விலை அதிகம். ஐந்து தெரிவுக்கும் ஒரே எழுத்து என்பதால் அம்மாவுக்காக இரண்டு மருத்துவம், தனக்காக இரண்டு கணினி அறிவியல் என்று பிரித்துப் போடவும் முடியாது. அப்படி எழுதப்படும் அறிக்கை இரண்டு துறையினரையும் நம்ப வைக்காது. வீட்டுக்குள் பேசித் தீர்க்காத விஷயம் 4,000 எழுத்துகளுக்குள் தீர்ந்துவிடாது.

எழுத்தை வாசிப்பவர் சில இடங்களில் அந்தத் துறையின் விரிவுரையாளர். பல இடங்களில் சேர்க்கைப் பிரிவின் அலுவலர். இருவருமே பாடத்தைப் பற்றிப் பிள்ளை சிந்தித்த தடயத்தைத் தேடுகிறார்கள். 2016இல் வந்த சட்டன் டிரஸ்டின் அடுத்த ஆய்வில், நல்ல அறிக்கை எது என்பதில் பாடசாலை ஆசிரியர்களும் பல்கலைக்கழகத்தில் சேர்க்கையைக் கவனிப்பவர்களும் பெரும்பாலும் ஒத்துப்போகவில்லை. ஆசிரியர்கள் ஆளுமையும் உணர்ச்சியும் வெளிப்படும் எழுத்தை விரும்பினார்கள். பல்கலைக்கழகத்தினர் பாடத்துக்குள் ஒரு விஷயத்தை எடுத்து ஆராயும் எழுத்தை விரும்பினார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதும்போது பிள்ளைகள் இதை மறந்துவிடுகிறார்கள். உயிரியலில் ஏ, இரசாயனவியலில் ஏ ஸ்டார் என்று மறுபடியும் எழுதுகிறார்கள். அந்தப் பெறுபேறுகள் விண்ணப்பத்தின் வேறொரு பக்கத்தில் ஏற்கெனவே இருக்கின்றன.

ஓர் உதாரணம். மருந்தாளர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ஏ லெவல் இரசாயனவியலில், ஒரே மூலக்கூறு ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பம் போன்ற இரண்டு வடிவங்களில் இருக்கலாம் என்று படிக்கிறார்கள். உதாரணமாக ஆசிரியர்கள் சொல்வது தலிடோமைட். 1958 முதல் 1961 வரை பிரித்தானியாவில் விற்கப்பட்டது. கர்ப்பிணிகள் காலை மசக்கைக்கு எடுத்தார்கள். கை கால் குறைபாடுகளோடு குழந்தைகள் பிறந்தன. ஒரு வடிவம் மருந்து, மற்றது நஞ்சு என்று பாடம் பெரும்பாலும் அங்கே முடிந்துவிடும். அப்படியென்றால் நல்ல வடிவத்தை மட்டும் பிரித்துக் கொடுத்திருக்கலாமே என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றுகிறது. தேடிப் பார்க்கிறது. உடலுக்குள் போனதும் ஒரு வடிவம் மற்றதாக மாறிவிடும், பிரித்துக் கொடுத்தும் பயனில்லை என்று தெரிய வருகிறது. வகுப்பில் கேட்டது, தனக்குத் தோன்றிய ஐயம், தேடிக் கண்ட விடை, அதனால் மருந்துப் பரிசோதனையைப் பற்றி மாறிய எண்ணம். இவ்வளவையும் ஐந்து வரியில் எழுதலாம். வேதியியல் மீது தணியாத தாகம் என்று எழுதும் வரியைவிட இந்த ஐந்து வரிக்குக் கனம் அதிகம். இதற்கு ரியூசன் வகுப்பும் தேவையில்லை, அறிமுகமும் தேவையில்லை.

மூன்றாவது கேள்வி வந்ததும் வீட்டில் பதற்றம் தொடங்குகிறது. "எங்களுக்கு ஆஸ்பத்திரியில ஆரையும் தெரியாதே", "வங்கியில இன்டர்ன்ஷிப் எடுத்துத் தர ஆளில்லையே" என்று மனம் குறுகுகிறது. கூடவே, பிள்ளை உண்மையில் செய்துவரும் வேலைகளை மறைக்கும் பழக்கமும் வந்துவிடுகிறது. இந்த மடலின் மிக அழுத்தமான வேண்டுகோள் இந்த இடத்தில்தான். மறைக்காதீர்கள். யுகாஸின் சொந்த வழிகாட்டலே இந்தக் கேள்வியின் கீழ் வேலை, தன்னார்வப் பணி, பொழுதுபோக்கு ஆகியவற்றோடு குடும்பப் பொறுப்புகளையும் வாழ்க்கை அனுபவங்களையும் சேர்த்துச் சொல்கிறது.

அப்பாவின் கடையில் சனி, ஞாயிறு கல்லாவில் நிற்கும் பிள்ளை பொருளியலுக்கு விண்ணப்பிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018 ஏப்ரலில் சீனி கலந்த பானங்களுக்கு அரசு தீர்வை கொண்டுவந்தது. அப்போது 100 மில்லிலீற்றரில் 8 கிராமோ அதற்கு மேலோ சீனி இருந்தால் லீற்றருக்கு 24 பென்ஸ். 5 கிராமிலிருந்து 8க்குள் என்றால் 18 பென்ஸ். 5க்குக் கீழே எதுவும் இருக்கவில்லை. தீர்வை கடைக்காரருக்கோ வாங்குபவருக்கோ நேரடியாக விதிக்கப்படவில்லை, தயாரிப்பாளருக்கு விதிக்கப்பட்டது. கொக்கா-கோலா தன் மூலச் சுவையை மாற்றவில்லை. பெப்சி 2023இல் சீனியை 4.55 கிராமாகக் குறைத்துத் தீர்வையின் எல்லைக்குக் கீழே இறங்கியது. ஒரே குளிர்பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு போத்தல்கள், ஒரே வரிக்கு இரண்டு நிறுவனங்கள் எடுத்த இரண்டு முடிவுகள். எவர் எதை வாங்கினார்கள், விலை ஏறியபோது யார் மாறினார்கள், யார் மாறவில்லை என்பதை வாராவாரம் கல்லாவில் நின்று பார்த்த பிள்ளைக்குப் பொருளியலில் எழுத விஷயம் இல்லையென்று யார் சொன்னது? நகரத்து வங்கியில் ஒரு வாரம் கோப்பி எடுத்துக் கொடுத்தவரைவிட இவருக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

அம்மம்மாவை ஜி.பி.யிடம் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்கும் பிள்ளை இன்னொரு வீட்டில். மருத்துவம், தாதியியல், உணவியல் எதற்கென்றாலும் இது பெரிய அனுபவம். ஆனால் 2007இன் 175 தாத்தாக்களை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அம்மம்மாவுக்கு நீரிழிவு வந்தது, மனம் கலங்கியது, அன்றே மருத்துவராக முடிவெடுத்தேன் என்று எழுதினால் அந்த 175 பேரோடு இவரும் ஒருவர். பிள்ளை அங்கே என்ன கவனித்தது? வைத்தியசாலையில் தந்த உணவுக் குறிப்பில் பாணும் உருளைக்கிழங்கும் இருந்தன, புட்டும் இடியப்பமும் இல்லை. தென்னாசியருக்கு உடல் திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே அபாயம் கூடுவதாகக் கொள்ள வேண்டும் என்று, மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு சொல்கிறது. பொதுவான எல்லை 25. ஏன் இந்த வேறுபாடு என்று பிள்ளை வாசித்திருக்கிறதா? பதினாறு வயதுக்குக் கீழானவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்பது என்.எச்.எஸ். வழிகாட்டல். அது ஏன் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து கூச்சப்பட்ட பிள்ளையைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? சொல்ல விரும்பாத ஒன்றை அம்மம்மா பேரப்பிள்ளையின் முன்னால் விழுங்கிக்கொண்டதைக் கண்டவருக்கு நோயாளியின் அந்தரங்கம் என்றால் என்னவென்று பாடப்புத்தகம் சொல்லித் தரத் தேவையில்லை. எழுதும்போது அம்மம்மாவின் அந்தரங்கத்தையும் காக்க வேண்டும். பெயரும் வேண்டாம், அறிக்கை விவரங்களும் வேண்டாம்.

தமிழ்ப் பள்ளியில் சிறுவர் வகுப்புக்கு உதவி ஆசிரியராக இருப்பவர், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் ஐந்து வயதுக் குழந்தைகளை வாராவாரம் பார்க்கிறார். பேச்சுச் சிகிச்சைக்கோ மொழியியலுக்கோ ஆசிரியப் பயிற்சிக்கோ அது நேரடியாகப் பொருந்தும். அரங்கேற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை: அதற்காக நீங்கள் பட்ட பாடும் செலவும் தெரியும், ஆனால் சட்டத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையின் எழுத்தில் அதற்கு ஒரு வரி போதும். இயன்மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை, அரைமண்டியில் முழங்கால் நொந்து, நடையைத் திருத்திக்கொண்ட கதையை எழுதினால் அது வேறு.

மருத்துவத்துக்கு வைத்தியசாலை வேலை அனுபவம் கட்டாயம் என்று பலர் நம்பி அலைகிறார்கள். மனிதர்களோடு பழகும் பராமரிப்புப் பணிகளும் தன்னார்வ வேலைகளும் ஏற்கப்படும் என்பதை மருத்துவக் கல்லூரிகளின் பேரவையே சொல்கிறது. குடும்ப மருத்துவர்களின் அரச கல்லூரி 'அப்சர்வ் ஜி.பி.' என்ற காணொளிப் பயிற்சியைப் பதினாறு வயதுக்கு மேற்பட்டோருக்கு இலவசமாக வைத்திருக்கிறது. பல மருத்துவக் கல்லூரிகள் யுகாட் என்ற நுழைவுத் தேர்வுக்கும் ஜி.சி.எஸ்.இ. பெறுபேறுகளுக்குமே முதலிடம் கொடுக்கின்றன. பெர்சனல் ஸ்டேட்மென்ட்டுக்குத் தனியாகப் புள்ளி போடாதவையும் உண்டு. நேர்முகத்தில் அதிலிருந்து கேள்வி வரலாம். வேறொருவர் எழுதிய வரி அகப்படுவதும் அங்கேதான். வாசிக்காத புத்தகத்தின் பெயரைப் போட்டவர், "அதன் மூன்றாம் அத்தியாயத்தோடு உடன்படுகிறீர்களா?" என்ற ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்வார்.

நோய், குடும்பத்தில் மரணம், வீடு இழந்தமை, படிப்பு தடைப்பட்டமை போன்றவற்றை எழுதிப் பிள்ளை தன் 4,000 எழுத்துகளைச் செலவிட வேண்டியதில்லை. பாடசாலை அனுப்பும் பரிந்துரையில் அதற்கென்றே ஒரு பகுதி 2024 சேர்க்கையிலிருந்து இருக்கிறது. ஆனால் ஆசிரியருக்குத் தெரிந்தால்தானே எழுதுவார்? வீட்டுக் கஷ்டத்தை வெளியே சொல்லக் கூடாது என்று வளர்ந்த நமக்கு இது சங்கடம்தான். ஆயினும் பரிந்துரை எழுதப்படும் முன்பாகவே பாடசாலைக்குப் போய், பொறுப்பான ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் வேறு என்ன செய்யலாம்? நேரத்தைக் கொடுங்கள். யுகாட் தேர்வு ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை நடக்கிறது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், பெரும்பாலான மருத்துவப் படிப்புகளுக்கு முடிவு நாள் ஒக்டோபர் 15, மாலை 6 மணி. பாடசாலைகள் தம் பரிந்துரையை இணைக்க வேண்டும் என்பதால் செப்டெம்பரிலேயே கேட்பார்கள். மற்றக் கற்கைநெறிகளுக்கு ஜனவரி வரை இடமிருக்கிறது. ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு முழுக் குடும்பமும் ஊர் போவதென்றால், இந்த ஒரு வருடம் அந்தப் பயணத்தைச் சுருக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் பிள்ளைக்குத் தினமும் காலையில் இரண்டு மணிநேரம் உறவினர் வருகையிலிருந்து விடுதலை வாங்கிக் கொடுங்கள்.

பேச்சுக் கொடுங்கள். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர்தான் இதை மிக நன்றாகச் செய்ய முடியும் என்பதில் ஐயமில்லை. "நீ படிக்கப்போறது என்னெண்டு எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு" என்று கேளுங்கள். பொறியியலையோ உளவியலையோ தமிழும் ஆங்கிலமும் கலந்து உங்களுக்கு விளக்க முயலும்போது, மாதிரிகளிலிருந்து கடன் வாங்கிய அலங்கார வசனங்கள் எதுவும் உதவாது. உதாரணம் தேட வேண்டியிருக்கும். பிள்ளையின் குரல் மாறும் இடத்தைக் கவனியுங்கள். எந்த இடத்தில் வேகமாகவும் உற்சாகமாகவும் பேசுகிறதோ அங்கேதான் முதல் கேள்விக்கான விடை இருக்கிறது. "இதைத்தான் எழுது" என்று சொல்லுங்கள். எப்படி எழுதுவது என்பதைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும். எழுதி முடித்ததை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். திருத்தம் சொல்ல ஒரு ஆசிரியர், வாசிக்க ஒரு நண்பர், அவ்வளவு போதும். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு டொக்டர் என்று பத்துப் பேர் கைவைத்தால் பிள்ளையின் குரல் அதில் மிஞ்சாது. அனுப்பிய பின் யுகாஸ் வழியாக அதை மாற்ற முடியாது என்பதால், கடைசி நாள் இரவு வரை தள்ளிப்போட விடாதீர்கள்.

இவை எல்லா வீடுகளிலும் நடக்காது. இரவு வேலைக்குப் போகும் தாய் தந்தையர், தனியே பிள்ளை வளர்ப்பவர்கள், புதிதாக வந்தவர்கள் இருக்கிறார்கள். 2012இன் ஆய்வு காட்டிய இடைவெளியில் விழுபவர்கள் அவர்களின் பிள்ளைகள். அதனால் உங்களில் பழைய மாணவர் சங்கங்களில் இருப்பவர்களிடம் கடைசியாக ஒரு கோரிக்கை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் உள்ள நம் பாடசாலைகளின் சங்கங்கள் இலண்டனில் இயங்குகின்றன. இரவு விருந்து வைக்கின்றன, விளையாட்டுப் போட்டி நடத்துகின்றன, ஊர்ப் பாடசாலைக்குக் கட்டடம் கட்ட நிதி சேர்க்கின்றன. அவற்றின் உறுப்பினர் பட்டியலில் மருத்துவர், மருந்தாளர், கணக்காளர், சட்டத்தரணி, பொறியியலாளர், கடைக்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு, பாடவாரியாக உட்கார வைத்து, ஒவ்வொருவரிடமும் அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். எழுதிக் கொடுக்காதீர்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். மருந்தகமோ கணக்காளர் அலுவலகமோ வைத்திருப்பவர்கள், அறிமுகமில்லாத ஒரு வீட்டுப் பிள்ளையை ஒரு வாரம் கூட நிற்க விடலாம். தமிழ்ப் பள்ளிகளில் அதற்கு வகுப்பறைகள் இருக்கின்றன. சிறுவரோடு பணியாற்றுவதற்கான டி.பி.எஸ். சான்று பெற்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் ஒரு திகதியைக் குறித்துக்கொண்டு உங்கள் சங்கச் செயலாளரை இந்த வாரமே அழையுங்கள்.